பர்டூ பாஸ்கெட்பால் டீமும் மார்ச் மாசமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பர்டூன்னா என்ன, எங்க இருக்கு?

அமெரிக்காவுல இண்டியானா மாநிலத்துல வெஸ்ட் லஃபாயெட்னு ஒரு சின்ன ஊரு, அங்க இருக்கற அரசு யூனிவர்சிட்டிதான் பர்டூ. நம்ம பசங்களுக்கு இன்ஜினியரிங் படிக்கப் போற இடமாத்தான் இந்தப் பேரு தெரியும், நீல் ஆம்ஸ்ட்ராங் படிச்ச காலேஜ்னு சொன்னா இன்னும் சட்டுனு புரியும். ஆனா இண்டியானாக்காரங்களுக்கு பாஸ்கெட்பால்தான் எல்லாமே, ஸ்கூல் பசங்க ஆடற மேட்சுக்கே ஊரு திரண்டு வரும். பர்டூ டீமுக்கு பேரு பாய்லர்மேக்கர்ஸ். சொந்த கிரவுண்டு மேக்கி அரீனா, 1967-ல திறந்தது, 14,000 பேருக்கு மேல உக்காரலாம், வட்டமான கூரைங்கறதால உள்ள கத்துற சத்தம் வெளிய போகாம அப்படியே ஆடறவங்க தலைமேல வந்து விழும், வெளியூர் டீம் அங்க வந்து ஜெயிச்சுட்டுப் போறது லேசுப்பட்ட காரியம் இல்ல.

மார்ச் மேட்னஸ்னு சொல்றாங்களே, அது எப்படி நடக்குது?

நவம்பர்ல இருந்து மார்ச் ஆரம்பம் வரைக்கும் ரெகுலர் சீசன். அது முடிஞ்சதும் என்சிஏஏ, அதாவது அமெரிக்க காலேஜ் விளையாட்டுகளுக்கான அமைப்பு, நடத்தற நாக்-அவுட் போட்டிதான் இது. 68 டீம் (அதுல நாலு டீம் ஆரம்ப மேட்ச்கள்லயே கழிஞ்சு 64 ஆயிடும்), நாலு பிரிவு, ஒவ்வொரு பிரிவுலயும் 1-ல இருந்து 16 வரைக்கும் சீடு நம்பர் போடுவாங்க, 1 தான் பலமான டீம், 16 தான் கடைசி. முதல் ரவுண்டுல 1-வது சீடு 16-வது சீடோட மோதும். ஒரு மேட்ச் தோத்தா அதோட மூட்டை கட்டிட்டு வீட்டுக்கு, அடுத்த வாய்ப்பே கிடையாது. 16 டீம் மிச்சம் இருக்கறப்ப ஸ்வீட் 16, எட்டு இருக்கறப்ப எலீட் 8, நாலு இருக்கறப்ப ஃபைனல் ஃபோர்.

இதுல ஒரு விஷயத்த ஞாபகம் வெச்சுக்கங்க. அமெரிக்காவோட தொழில்முறை லீகான என்பிஏ மாதிரி ஒரே டீமோட ஏழு மேட்ச் ஆடி நாலு ஜெயிச்சா போதும்ங்கற கணக்கு இங்க இல்ல. 40 நிமிஷம், ஒரே மேட்ச். அஞ்சு மாசம் நல்லா ஆடுன டீமுக்கு ஒருநாள் சாயங்காலம் கை வரலைன்னா எல்லாம் முடிஞ்சுபோச்சு.

மார்ச் வந்தாலே பர்டூ ரசிகருங்க சோகம்னு சொல்றாங்களே, அப்படி என்ன பெரிய சோகம்? மத்த டீமும்தான் தோக்குது?

தோக்குது, ஆனா இவங்க நல்ல டீமா இருந்துக்கிட்டே தோத்தாங்க, வலி அங்கதான். பர்டூ ஆடற லீகுக்கு பேரு பிக் டென், அதுல ரெகுலர் சீசன் சாம்பியன்ஷிப் அதிகமா ஜெயிச்ச காலேஜ் எதுன்னு பார்த்தா பர்டூதான், 2024 வரைக்கும் 26 தடவ. பக்கத்துல இருக்கற பரம எதிரி இண்டியானா யூனிவர்சிட்டி அந்தக் கணக்குல பின்னாடிதான் நிக்குது. ஆனா இண்டியானாகிட்ட அஞ்சு என்சிஏஏ பட்டம் இருக்கு, 1940, 1953, 1976, 1981, 1987. பர்டூ ஆண்கள் டீம்கிட்ட ஒண்ணு கூட இல்ல. 1932 டீம தேசிய சாம்பியன்னு பின்னாடி ஒரு அமைப்பு அறிவிச்சது உண்மைதான், ஆனா அப்ப இந்தப் போட்டியே தொடங்கல.

இதவிட கொடுமை, 1980-ல ஃபைனல் ஃபோர் போனவங்க அடுத்து போனது 2024-ல. நடுவுல 44 வருஷம். அந்த 44 வருஷத்துல மூணு தடவ நம்பர் 1 சீடா இறங்கி 1988, 1996, 2023-னு சீக்கிரமே வெளிய வந்திருக்காங்க, 1994-ல எலீட் 8 வரைக்கும் போயி நின்னுட்டாங்க.

ஒரு தடவ கூட ஃபைனல் ஆடினதில்லையா?

1969-ல ஆடினாங்க. ரிக் மவுன்ட்னு ஒரு ஷூட்டர், இண்டியானா மாநிலத்துல இன்னிக்கும் வயசானவங்க அவரு ஷாட்டப் பத்திப் பேசுவாங்க, அந்த வருஷம் மார்க்வெட் யூனிவர்சிட்டிக்கு எதிரா ஓவர்டைம்ல கடைசி ஷாட்ட போட்டு 75-73-னு டீம ஃபைனல் ஃபோருக்கு கூட்டிட்டுப் போனவரு. ஃபைனல்ல எதிர்ல நின்னது கலிஃபோர்னியாவுல இருக்கற யூசிஎல்ஏ காலேஜ். லூ ஆல்சிண்டர், பின்னாடி கரீம் அப்துல்-ஜபார்னு பேர மாத்திக்கிட்டாரே அவரேதான், 37 பாயின்ட் எடுத்தாரு, ஸ்கோர் 92-72.

அந்த யூசிஎல்ஏ கோச் யாரு? ஜான் வுடன். அவரு பர்டூல படிச்சு, பர்டூக்கு ஆடி, அந்த 1932 டீமோட ஸ்டாரா இருந்தவரு. மொத்தம் 10 பட்டம் ஜெயிச்சாரு, பத்தும் யூசிஎல்ஏவுக்கு. பர்டூ பெத்த பிள்ளையே பர்டூவ ஃபைனல்ல தோக்கடிச்சிருக்கு.

1980-க்கு அப்புறம் என்ன ஆச்சு?

1980-ல ஜோ பேரி கேரல்னு ஒரு பெரிய சென்டர் (கூடைக்குப் பக்கத்துல நின்னு ஆடற உயரமான ஆளு), 6-வது சீடா உள்ள வந்து, வழியில இண்டியானாவையே தோக்கடிச்சு, டியூக்கையும் தோக்கடிச்சு ஃபைனல் ஃபோர் வந்தாங்க. அங்க மறுபடியும் யூசிஎல்ஏ, 67-62. அந்த சீசன் முடிஞ்சதும் கோச் லீ ரோஸ் வேற காலேஜுக்குப் போயிட்டாரு, அவரு இடத்துக்கு வந்தவருதான் ஜீன் கீடி.

கீடிய பத்திக் கொஞ்சம் சொல்லணும். 25 வருஷம் பர்டூ கோச், 512 வெற்றி, ஆறு பிக் டென் பட்டம். எதிர்ல இண்டியானால பாபி நைட் இருந்த காலம் அது, நாடே பயந்த கோச், அவருக்கு எதிராவே கீடி 21 ஜெயிச்சு 20 தோத்திருக்காரு. 2023-ல நைஸ்மித் ஹால் ஆஃப் ஃபேம்லயும் பேரு ஏறிடுச்சு. ஆனா ஒரு ஃபைனல் ஃபோர் கூட இல்ல. ஒண்ணு கூட. எந்த டீமோட ரசிகரா இருந்தாலும் சரி, இத கேட்டா மனசு கஷ்டமாத்தான் இருக்கும்.

1988 டீம்ல ட்ராய் லூயிஸ், டாட் மிச்சல், எவரெட் ஸ்டீஃபன்ஸ்னு மூணு சீனியர், நாலு வருஷம் சேர்ந்தே ஆடினவங்க, நம்பர் 1 சீடு. ஸ்வீட் 16-ல கன்சாஸ் ஸ்டேட் வந்தது. அதே சீசன்ல அதே டீம ஏற்கனவே பெரிய வித்தியாசத்துல தோக்கடிச்சிருந்தாங்க. இந்தத் தடவ மிட்ச் ரிச்மண்ட் இருந்த அந்த டீம் 73-70-னு ஜெயிச்சுட்டுப் போயிடுச்சு.

1994-ல கிளென் ராபின்சன். 'பிக் டாக்'னு கூப்பிடுவாங்க. ஒரு மேட்சுக்கு சராசரி 30 பாயின்டுக்கு மேல, ஸ்வீட் 16-ல கன்சாஸுக்கு எதிரா 44. இந்த வருஷம் விடமாட்டோம்னு எல்லாரும் நம்பியிருந்தாங்க. அடுத்த மேட்ச் டியூக், கிராண்ட் ஹில் அவர ஒட்டிக்கிட்டே நின்னு காவல் காத்தாரு, ராபின்சனுக்கு முதுகும் வலிச்சிருக்கு, 13 பாயின்டோட நின்னுட்டாரு, 69-60 தோல்வி. மூணு மாசம் கழிச்சு என்பிஏ டிராஃப்ட்ல, அதாவது தொழில்முறை டீமுங்க புது ஆளுங்கள வரிசையா தேர்ந்தெடுக்கறதுல, முதல் ஆளா அவரத்தான் எடுத்தாங்க.

1996-ல நம்பர் 1 சீடு, முதல் மேட்ச்லயே 16-வது சீடு வெஸ்டர்ன் கரோலைனாகிட்ட 73-71-னு உசுரு தப்பிச்சு வந்து, அடுத்த மேட்ச்ல ஜார்ஜியாகிட்ட தோத்துப் போயிட்டாங்க. 2000-ல மறுபடி எலீட் 8, எதிர்ல சொந்த லீக் டீமே, 8-வது சீடு விஸ்கான்சின். 64-60. கீடிக்கு அதுதான் கடைசி நல்ல வாய்ப்பு.

ராபி ஹம்மல் கால்னு சொன்னாலே ரசிகருங்க அமைதியாயிடறாங்களே, அது என்ன கதை?

2010. அப்ப கோச் மேட் பெயின்டர், கீடிகிட்டயே பர்டூல ஆடினவரு, 2005-ல இருந்து பொறுப்புல இருக்காரு. ஹம்மல், ஜஜுவான் ஜான்சன், ஈ'ட்வான் மூர்னு மூணு பேரும் ஒண்ணா வளந்து வந்த டீம், பிப்ரவரி கடைசில நாட்டுலயே 3-வது இடத்துல இருந்தாங்க. அந்த வருஷ ஃபைனல் ஃபோர் எங்க தெரியுமா, இண்டியனாபொலிஸ்ல, காலேஜ்ல இருந்து கார்ல ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. மினசோட்டாவுல ஒரு மேட்ச்ல ஹம்மல் கூடைய நோக்கி உள்ள போறாரு, யாரும் பெருசா இடிக்கல, முட்டி மடங்குது, முட்டி எலும்ப பிடிச்சு வெக்கற ஏசிஎல்ங்கற நார் கிழிஞ்சுபோச்சு.

அவரு இல்லாமலும் ஸ்வீட் 16 வரைக்கும் போனாங்க, அங்க டியூக்கிட்ட தோத்தாங்க, டியூக் பட்டத்தையே ஜெயிச்சுது. அந்த ஃபைனல்ல டியூக்க எதிர்த்து ஆடினது பட்லர், இண்டியனாபொலிஸ்லயே இருக்கற சின்ன காலேஜ். அந்த ஊர்ல, அந்த மேடைல பர்டூ நிக்க வேண்டியதுன்னு எத்தன பேரு நெனச்சிருப்பாங்க.

ஆறேழு மாசம் வைத்தியம் பார்த்து, பயிற்சி பண்ணி, அக்டோபர்ல ஹம்மல் திரும்ப வந்தாரு. அந்த சீசனோட முதல் பிராக்டீஸ்லயே அதே முட்டி, அதே ஏசிஎல். இன்னொரு வருஷமும் போச்சு. 2011-12 சீசன்ல திரும்ப வந்து கடைசி மேட்ச்ல கன்சாஸுக்கு எதிரா 26 பாயின்ட் போட்டாரு, 63-60-னு மூணு பாயின்ட்ல தோத்தாங்க. இதப் போயி யாராவது சோக்கிங்னு, அதாவது முக்கியமான நேரத்துல பயந்து சொதப்பறதுன்னு சொன்னா எனக்கு நெஜமாவே கோவம் வரும்.

காயம் இது ஒண்ணுதானா?

இல்ல. 2018-ல நம்பர் 2 சீடு, ஐசக் ஹாஸ்னு 7 அடி 2 அங்குல சென்டர், முதல் மேட்ச்லயே கீழ விழுந்து முழங்கை எலும்பு உடைஞ்சுது. பர்டூ மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மாணவர்கள் உக்காந்து அவருக்காக ஒரு கை கவசம் டிசைன் பண்ணாங்க, போட்டி விதிகளுக்கு ஒத்துவரணும், எதிர் ஆட்டக்காரருக்கும் அடிபடக் கூடாது, அவருக்கும் பந்து பிடிக்க வரணும். கடைசில அவரால ஆட முடியல. டெக்ஸஸ் டெக்கிட்ட ஸ்வீட் 16-ல வெளிய வந்தாங்க. ஆனா காலேஜ் பசங்க ராத்திரி முழிச்சு உக்காந்து தங்க டீமுக்காக ஒரு முழங்கைக்கு வழி தேடினாங்க பாருங்க, அந்த ஊருக்கு இந்த ஆட்டம் என்னன்னு அதுலயே தெரியும்.

2019 வர்ஜீனியா மேட்ச் ஏன் இவ்வளவு பேசறாங்க?

ஏன்னா ஃபைனல் ஃபோர் ஆறு செகண்ட் கூட இல்லாத தூரத்துல இருந்துச்சு, அதான்.

எலீட் 8, லூயிவில் நகரம், எதிர்ல நம்பர் 1 சீடு வர்ஜீனியா, நாட்டுலயே இறுக்கமான டிஃபென்ஸ். அந்த டிஃபென்ஸ் மேல கார்சன் எட்வர்ட்ஸ்னு 6 அடி கார்டு (பந்த மேல கொண்டு வந்து வெளிய இருந்து ஆடறவரு) 42 பாயின்ட் போட்டாரு, அதுல பத்து த்ரீ-பாயின்டர், அதாவது தூரத்துல இருந்து போடற மூணு பாயின்ட் ஷாட். கை நீட்டி மறைக்கறாங்க, தள்ளி நின்னு போடறாரு, இன்னும் தள்ளிப் போயி போடறாரு, எல்லாம் உள்ள போகுது. ஒருத்தர் அப்படி ஆடறத பார்க்கக் கொடுத்து வெச்சிருக்கணும்.

5.9 செகண்ட் மிச்சம், பர்டூ 70-67. வர்ஜீனியா த்ரீ போட்டு சமன் பண்ணிடக் கூடாதுன்னு வேணும்னே ஃபவுல் பண்ணி டை ஜெரோம ஃப்ரீ த்ரோ லைனுக்கு அனுப்பறாங்க, யாரும் மறைக்காம போடற ஷாட், ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒரு பாயின்ட்தான். சரியான முடிவுதான், இன்னிக்கும் அதத்தான் பண்ணணும்னு சொல்வேன். முதல் த்ரோ உள்ள, 70-68. ரெண்டாவது வெளிய. பந்த யாராவது பிடிச்சுட்டா மேட்ச் முடிஞ்சுது. மமாடி டியாகிடே கூட்டத்துக்கு நடுவுல எகிறி விரல் நுனியால தட்டி விடறாரு, பந்து முன்னாடி விழாம பின்னாடி, கோர்ட்டோட மறுபாதிக்கே உருண்டு போயிடுது. கிஹெய் கிளார்க், டீம்லயே குட்டையான பையன், துரத்திப் பிடிக்கறாரு, பக்கத்துல நிக்கற ஆளுக்கு குடுக்காம அத்தன தூரத்துல இருந்து நேரா டியாகிடேக்கு வீசறாரு. டியாகிடே வாங்கின வேகத்துல தூக்கிப் போடறாரு, பந்து காத்துல இருக்கறப்ப பஸ்ஸர் அடிக்குது, உள்ள விழுது. 70-70. ஓவர்டைம்ல 80-75-னு தோத்தாச்சு.

அந்த கடைசி அஞ்சு செகண்ட்ல பர்டூ பண்ணின தப்பு என்னன்னு கேட்டா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. தோத்த டீம்ல இருந்தும் அந்தப் பிரிவோட சிறந்த ஆட்டக்காரர்னு எட்வர்ட்ஸத்தான் தேர்ந்தெடுத்தாங்க. வர்ஜீனியா அங்க இருந்து போயி பட்டத்த ஜெயிச்சுது.

2021, 2022, 2023 மூணு வருஷமும் சின்ன டீம்கிட்டயே தோத்தாங்களே, அதுவும் அதிர்ஷ்டம் இல்லாததா?

அது அப்படி இல்ல. நான் ரசிகன்தான், ஆனா எல்லா தோல்வியையும் ஒரே மூட்டைல கட்டக் கூடாது. ஹம்மல் முட்டி வேற, டியாகிடே ஷாட் வேற, இந்த மூணு வருஷம் வேற. இதுல டீமோட குறை இருந்துச்சு.

2021-ல 13-வது சீடு நார்த் டெக்ஸஸ், ஓவர்டைம்ல 78-69. கொரோனாவால மொத்தப் போட்டியும் இண்டியானாவுலயே நடந்த வருஷம் வேற. 2022-ல 15-வது சீடு செயின்ட் பீட்டர்ஸ், ஜெர்சி சிட்டில இருக்கற சின்ன காலேஜ், ஸ்வீட் 16-ல 67-64. 15-வது சீடு ஒண்ணு எலீட் 8 போனது சரித்திரத்துலயே அதுதான் முதல் தடவ. பர்டூ பக்கம் அப்ப ஜேடன் ஐவி, அதே வருஷம் டிராஃப்ட்ல 5-வதா போனவரு, அன்னிக்கு 9 பாயின்ட்தான்.

அப்புறம் 2023.

2023-ல என்னதான் நடந்துச்சு? விவரமா சொல்லுங்க.

பர்டூ அந்த வருஷம் பிக் டென் ரெகுலர் சீசனும் ஜெயிச்சு, பிக் டென் டோர்னமென்டும் ஜெயிச்சு, நம்பர் 1 சீடா கொலம்பஸ் நகரத்துக்குப் போறாங்க. டீம்ல ஸாக் ஈடி, கனடாக்காரரு, 7 அடி 4 அங்குலம், அந்த வருஷத்து நாட்டோட சிறந்த ஆட்டக்காரர்.

எதிர்ல ஃபேர்லி டிக்கின்சன் யூனிவர்சிட்டி, சுருக்கமா எஃப்டியூ. முந்தின சீசன்ல நாலே நாலு வெற்றி. இந்த சீசன்ல தங்க லீக் ஃபைனல்லயே தோத்தவங்க, ஆனா ஜெயிச்ச மெரிமாக் காலேஜ் அப்பதான் மேல் டிவிஷனுக்கு மாறிட்டு இருந்ததால விதிப்படி போக முடியல, அந்த இடம் இவங்களுக்கு வந்துச்சு. நாட்டுல டிவிஷன் 1-ல, அதாவது மேல் மட்டத்துல இருக்கற 363 டீம்ல சராசரி உயரத்துல கடைசி டீம். கோச் டோபின் ஆண்டர்சன் டிவிஷன் 2-ல இருந்து வந்தவரு, வரும்போது மூணு பசங்களையும் கூட்டிட்டு வந்திருந்தாரு, அதுல டெமெட்ரி ராபர்ட்ஸ் 5 அடி 8 அங்குலம். ஈடி பக்கத்துல நின்னா தோள் உயரம் கூட வரமாட்டாரு.

மேட்ச்ல அவங்க பண்ணின வேலைய உத்துப் பார்த்தா புரியும். ஈடிக்கு முன்னாடி ஒருத்தர், பின்னாடி ஒருத்தர்னு ரெண்டு பேரு நிக்கறாங்க. முன்னாடி நிக்கறவன் வேலை ஒண்ணே ஒண்ணு, பந்து ஈடி கைக்குப் போகாம பார்க்கறது. அதே நேரம் பந்து வெச்சிருக்கற கார்டுகள, அதாவது பிரேடன் ஸ்மித், ஃபிளெட்சர் லோயர்னு ரெண்டு முதல் வருஷப் பசங்கள, முழு கோர்ட்டும் ஓட ஓட விரட்டறாங்க. ஈடிகிட்ட ரெண்டு பேரு போயிட்டா வெளிய யாராவது ஒருத்தன் காலியா நிப்பான், அவன் த்ரீ போட்டா கதை முடிஞ்சுது. பர்டூ போட்ட 26 த்ரீல 5 தான் உள்ள போச்சு. 16 தடவ பந்த தொலைச்சாங்க. கடைசி ஒன்பது நிமிஷம் ஈடி ஒரு ஷாட் கூட எடுக்கல, எடுக்க பந்தே வரல. ஒரு நிமிஷம் மிச்சம் இருக்கறப்ப கொலம்பஸ்லயே பொறந்து வளந்த ஷான் மோர் ஒரு த்ரீய போட்டாரு, 61-56. முடிவு 63-58. ஈடிக்கு 21 பாயின்ட், 15 ரீபவுண்ட் (உள்ள போகாம திரும்பற பந்த பிடிக்கறது), அப்படியும் தோல்வி.

ஆண்கள் போட்டில 16-வது சீடு நம்பர் 1-அ தோக்கடிச்சது அதுக்கு முன்னாடி ஒரே தடவதான், 2018-ல வர்ஜீனியாவ யூஎம்பிசிங்கற காலேஜ் 74-54-னு. எஃப்டியூ பசங்க அதிர்ஷ்டத்துல ஜெயிக்கல, திட்டம் போட்டு, பயமில்லாம ஆடி ஜெயிச்சாங்க, அந்தப் பெருமைய அவங்களுக்கு முழுசா குடுத்துடணும்.

அப்ப இவங்கள சோக்கர்ஸ்னு சொல்றது சரிதானே?

கிரிக்கெட்ல சவுத் ஆப்ரிக்காவுக்கு அந்தப் பேர ஒட்டிவிட்டு மழையையும் ரன்-அவுட்டையும் எல்லாத்தையும் அதுக்குள்ளயே அடைச்சாங்களே, அதே தப்புதான் இங்கயும் நடக்குது. பேரு ஒட்டிட்டா அப்புறம் யாரும் காரணத்த தேடறதில்ல.

என் கணக்குப்படி 2021-23 தோல்விக்குக் காரணம் பயம் இல்ல, டீம் கட்டின விதம். எல்லாமே பெரிய சென்டர சுத்தி. பிக் டென்ல அது நல்லா ஓடும், எல்லா டீம்லயும் பெரிய ஆளுங்க, மெதுவான ஆட்டம், ரெஃப்ரியும் கொஞ்சம் இடிக்க விடுவாங்க. மார்ச்ல எதிர்ல வர்றது வேகமான குட்டிப் பசங்க, கோர்ட் முழுக்க ஓடி பந்த பிடுங்கறவங்க, அவங்கள தாண்டிப் பந்த மேல கொண்டு வர வயசும் அனுபவமும் இருக்கற கார்டு வேணும், கூடவே வெளிய இருந்து ஷாட் போடறவன் வேணும். அது ரெண்டும் அப்ப பத்தல. இன்னொண்ணு, 2000-ல மிச்சிகன் ஸ்டேட் ஜெயிச்சதுக்கு அப்புறம் 2025 வரைக்கும் பிக் டென்ல இருந்து எந்த டீமும் இந்தப் பட்டத்த தூக்கல. அத பர்டூவோட வியாதின்னு மட்டும் சொல்லிட முடியாது.

கோச் பெயின்டர ஏன் தூக்கல?

நிறைய பேரு கேட்டாங்க. 2023 மார்ச்ல அவரு மேல விழுந்த வசைக்கு அளவே இல்ல. தூக்காதது நல்லதுன்னு அப்பவும் சொன்னேன். அவரு ஓடி ஒளியல, மைக் முன்னாடி உக்காந்து கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாரு. அதுக்கப்புறம் டீமயும் கலைக்கல. சதர்ன் இல்லினாய்ஸ்ல இருந்து லான்ஸ் ஜோன்ஸ்னு அனுபவமான வேகமான கார்டு ஒருத்தர கொண்டு வந்தாரு, ஸ்மித்தும் லோயரும் ஒரு வருஷம் பெரியவங்களானாங்க, ஈடி என்பிஏ போகாம இன்னொரு வருஷம் இருந்துட்டாரு. முந்தின வருஷம் எங்க ஓட்டையோ அங்கயே அடைச்சாங்க. அந்த சீசன் முழுக்க பர்டூவோட த்ரீ-பாயின்ட் சதவீதம் 40-க்கு மேல.

2024-ல ஜெயிச்சுட்டாங்களா?

ஃபைனல் வரைக்கும் போனாங்க. முதல் மேட்ச் மறுபடியும் 16-வது சீடு, கிராம்ப்ளிங் ஸ்டேட், ரசிகருங்க எல்லாரும் மூச்சப் பிடிச்சுக்கிட்டு பார்த்தது, 78-50. அடுத்து யூட்டா ஸ்டேட்ட 106-67. அப்புறம் கொன்சாகா.

எலீட் 8 டெட்ராய்ட்ல, டென்னஸியோட. டால்டன் க்னெக்ட்னு ஒருத்தர் அந்தப் பக்கம் 37 பாயின்ட் போட்டு விடாம துரத்தறாரு. இந்தப் பக்கம் ஈடி 40 பாயின்ட், 16 ரீபவுண்ட். 72-66. 44 வருஷக் கணக்கு அன்னிக்கு முடிஞ்சுது. கீடியோட மாணவர்தான் அத முடிச்சு வெச்சாருங்கறது எனக்கு ரொம்பப் பெரிய விஷயம்.

அரிசோனால ஃபைனல் ஃபோர், என்சி ஸ்டேட்ட 63-50-னு தோக்கடிச்சாச்சு. ஃபைனல்ல யூகான், அதாவது கனெக்டிகட் யூனிவர்சிட்டி, முந்தின வருஷ சாம்பியன். ஈடிய ஒரே ஆள வெச்சு பார்த்துக்கறோம், அவரு எவ்வளவு வேணா போட்டுக்கட்டும், ஷூட்டர்ஸ விட்டு ஒரு அடி கூட நகர மாட்டோம்னு அவங்க திட்டம். ஈடி 37 போட்டாரு. மொத்த டீமுக்கும் த்ரீ கிடைச்சது ஏழே ஏழு, உள்ள போனது ஒண்ணு. 75-60. எஃப்டியூ ரெண்டு பேர ஈடி மேல வெச்சு ஜெயிச்சுது, யூகான் அதுக்கு நேர்மாறா பண்ணி ஜெயிச்சுது, ரெண்டுலயும் அடி வாங்கினது வெளிய இருந்து போடற ஷாட்டுதான். ஆனா அந்த யூகான் அந்த வருஷம் எல்லாரையும் நசுக்கின டீம், அவங்ககிட்ட தோத்தத ஏமாத்தம்னு நான் எழுதமாட்டேன்.

அதுக்கப்புறம்?

2025-ல ஈடி இல்ல, 4-வது சீடு, ஸ்வீட் 16 இண்டியனாபொலிஸ்லயே, அரங்கம் முழுக்க பர்டூ ஆளுங்க, எதிர்ல நம்பர் 1 சீடு ஹூஸ்டன். 60-60. கடைசில ஹூஸ்டன் கூடைக்குப் பக்கத்துல இருந்து பந்த உள்ள எறியறாங்க, வாங்கினவன் எறிஞ்சவனுக்கே திருப்பிக் குடுக்கறான், அவரு, மிலோஸ் உசான், யாரும் காவல் இல்லாம லே-அப், 0.9 செகண்ட் மிச்சம். 62-60. உள்ள எறிஞ்சவன் மேல யாரும் கண்ணு வெக்கல, அது தப்புதான். ஆனா அந்த டீம் அங்க வரைக்கும் போனதே நான் எதிர்பார்த்ததுக்கு மேல.

பர்டூல பாஸ்கெட்பால் பட்டமே கிடையாதா?

இருக்கு, பெண்கள் டீம் வாங்கினது. 1999-ல கரோலின் பெக் கோச், ஸ்டெஃபனி வைட், உகாரி ஃபிக்ஸ் எல்லாம் இருந்த டீம், ஃபைனல்ல டியூக்க 62-45-னு தோக்கடிச்சாங்க. "பர்டூ ஜெயிச்சதே இல்ல"ன்னு பேசறவங்க இத மறந்துடறாங்க, மறக்கக் கூடாது.

புதுசா பார்க்க ஆரம்பிக்கறேன், எந்த மேட்ச்ல இருந்து பார்க்கலாம்?

நேரா எஃப்டியூ மேட்சுக்குப் போகாதீங்க. முதல்ல 2024 டென்னஸி மேட்ச முழுசா பாருங்க, ஈடி எப்படி இடம் பிடிக்கறாரு, பந்து எப்படி உள்ள போகுதுன்னு கண்ணு பழகட்டும். அதுக்கப்புறம் எஃப்டியூ செகண்ட் ஹாஃப் பார்த்தா முன்னாடி நிக்கறவன் என்ன பண்றான்னு தானா தெரியும். 2019 வர்ஜீனியா மேட்சுக்கு ஒரு ராத்திரி தனியா ஒதுக்குங்க, ஹைலைட்ஸ்ல கடைசி ஷாட்ட மட்டும் போடுவாங்க, எட்வர்ட்ஸோட பத்து த்ரீயையும் ஆரம்பத்துல இருந்து வரிசையா பார்க்கணும்.